அரீனாபௌல் இறுதி ஆட்டங்கள்: கடைசி நிமிடக் கணக்கு, வலை, சுவர், தரை

#1 நான்காம்டவுன்

73-70. 2011 ஆகஸ்ட் 12 அன்று ஃபீனிக்ஸில் நடந்த 24-வது அரீனாபௌலின், அதாவது உள்ளரங்க அமெரிக்க ஃபுட்பாலான அரீனா லீக்கின் இறுதி ஆட்டத்தின் ஸ்கோர். ஜாக்சன்வில் ஷார்க்ஸ் கடைசி ப்ளேயில் டச்டவுன் (பந்தை எதிரணியின் முனைப் பகுதிக்குள் சேர்ப்பது, 6 புள்ளி) அடித்து, சொந்த அரங்கில் ஆடிய அரிசோனா ராட்லர்ஸைச் சாய்த்தது. வெளிமைதான லீக்கான என்எஃப்எல் மட்டும் பார்ப்பவர்களிடம் இதைச் சொன்னால் "டிஃபென்ஸ் என்ன தூங்கிட்டு இருந்துச்சா?" என்பார்கள்.

இதோடு இன்னும் இரண்டு இறுதி ஆட்டங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2005-ல் லாஸ் வேகஸில் கொலராடோ க்ரஷ் 51, ஜார்ஜியா ஃபோர்ஸ் 48. கொலராடோ கிக்கர் க்ளே ரஷ் நேரம் முடியும் தறுவாயில் அடித்த ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு இடையே உதைப்பது, 3 புள்ளி). 2008-ல் நியூ ஆர்லியன்ஸில் ஃபிலடெல்ஃபியா சோல் 59, சான் ஹோசே சேபர்கேட்ஸ் 56. மூன்றிலும் வித்தியாசம் 3 புள்ளிதான்.

என் வாதம் இது: அரீனா இறுதி ஆட்டத்தில் எத்தனை தடவை அடித்தோம் என்பதை எண்ணுவதில் பயனில்லை. எத்தனை தடவை வெறுங்கையோடு திரும்பினோம் என்பதை எண்ண வேண்டும். இங்கே பன்ட் (பந்தை எதிரணிக்குத் தூர உதைத்துக் கொடுத்துவிடுவது) கிடையாது. நான்காவது டவுனில் (10 கெஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசி) ஒன்று முயன்று பார்க்க வேண்டும், இல்லை ஃபீல்டு கோல் அடிக்க வேண்டும். இரண்டு அணியும் மாறி மாறி 7 (டச்டவுன் 6, அதற்குப் பின் உதைக்கும் எக்ஸ்ட்ரா பாயிண்ட் 1) அடித்துக்கொண்டே போனால், ஒரே ஒரு தடுப்பும், இரண்டு பாதிகளின் கடைசி நிமிடத்தில் பந்து யாரிடம் இருக்கிறது என்பதும்தான் கோப்பையைத் தீர்மானிக்கும்.

விதி தெரிந்தவர்கள் வாருங்கள். "எங்க டீம்தான் கெத்து" வகைப் பதிவுகளுக்கு வேறு இழை இருக்கிறது.

#2 கெஜக்கணக்கு

ஸ்கோர் ஏன் ஏறுகிறது என்பதற்கு முதலில் தரையை அளக்க வேண்டும். ஐஸ் ஹாக்கி ரிங்க் 200 அடி நீளம், 85 அடி அகலம். அரீனா மைதானம் அதற்குள் பொருந்தும்படி வரையப்பட்டது: 50 கெஜம் ஆடுகளம், இரு பக்கமும் 8 கெஜ எண்ட் ஸோன் (டச்டவுன் விழும் முனைப் பகுதி). மொத்தம் 66 கெஜம், அதாவது 198 அடி. அகலம் அதே 85 அடி. 1981-ல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் உள்ளரங்க சாக்கர் ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டே, இந்த ஆட்டத்தை உருவாக்கிய ஜிம் ஃபாஸ்டர் ஒரு உறையின் மேல் வரைந்த படம்தான் இதற்கெல்லாம் மூலம். லீக் 1987-ல் நான்கு அணிகளோடு தொடங்கியது. அந்த ஆண்டு முதல் இறுதி ஆட்டத்தில் டென்வர் டைனமைட் 45, பிட்ஸ்பர்க் கிளாடியேட்டர்ஸ் 16.

எண்ட் ஸோன்களை விட்டுவிட்டுப் பரப்பைப் பாருங்கள். என்எஃப்எல்: 300 × 160 = 48,000 சதுர அடி, 22 பேர். அரீனா: 150 × 85 = 12,750 சதுர அடி, 16 பேர். ஆளுக்கு 2,180 சதுர அடி இருந்த இடத்தில் இங்கே 800-க்கும் குறைவு. இடம் குறைந்தால் டிஃபென்ஸுக்கு வசதிதானே என்று தோன்றும். ஆனால் எங்கிருந்து வேண்டுமானாலும் எண்ட் ஸோன் ஒரே வீச்சு தூரத்தில் இருப்பதால், ரிசீவரை (பாஸைப் பிடிப்பவரை) மறிக்கும் கார்னர்பேக் ஒரு அடி பிந்தினாலே புள்ளி போய்விடும்.

#3 புதுவரவு

சார், ஒரு சந்தேகம். முன்னிலையில் இருக்கிற டீம் என்எஃப்எல் மாதிரி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முழங்கால் போட்டு நேரத்தைக் கரைத்துவிட முடியாதா? அப்புறம் எப்படி கடைசி ப்ளே வரைக்கும் இழுபறி?

#4 ஓடும்கடிகாரம்

முடியாது. அதுதான் இந்த ஆட்டத்தின் உயிர்நாடி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

15 நிமிடக் குவாட்டர் நான்கு. ஒவ்வொரு பாதியிலும் கடைசி ஒரு நிமிடம் வரை கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். பாஸ் தரையில் விழுந்தாலும் ஓடும், ஓட்டக்காரர் சுவரில் மோதினாலும் ஓடும். புள்ளி, பெனால்டி, காயம், டைம்அவுட், பந்து கைமாறுவது போன்றவற்றுக்குத்தான் நிற்கும். ப்ளேக்களுக்கு இடையே ஏறக்குறைய அரை நிமிடத்தை ஒரு அணி சும்மாவே எரிக்கலாம்.

1:00 ஆனதும் சட்டம் மாறுகிறது. நிறைவேறாத பாஸுக்கும், எல்லைக்கு வெளியே போனதற்கும் கடிகாரம் நிற்கும். அதற்கு மேல், முன்னிலையில் இருக்கும் அணி ஸ்க்ரிமேஜ் கோட்டை (ப்ளே தொடங்கும் கோட்டை) தாண்டிப் பந்தைக் கொண்டுபோகாவிட்டாலும் நின்றுவிடும். முழங்கால் போட்டால் கோட்டுக்குப் பின்னால்தானே விழுகிறோம்? கடிகாரம் நிற்கும், ஒரு டவுனும் போச்சு.

அதனால் முன்னிலையில் இருப்பவர் 1 கெஜக் கோட்டில் போய் உட்காரக் கூடாது. நிறைய பேர் செய்யும் தப்பு அது. 1 கெஜத்தில் நின்றால் அடுத்த ப்ளேயில் முன்னேற இடமே இல்லை: முன்னேறினால் டச்டவுன், முன்னேறாவிட்டால் கடிகாரம் நிற்கும். 6 அல்லது 7 கெஜத்தில் விழுந்தால், இன்னும் இரண்டு ப்ளேக்கு ஒவ்வொன்றிலும் இரண்டு கெஜமாக ஓடி, மைதானத்துக்குள்ளேயே விழுந்து நேரத்தைக் கரைக்கலாம். பந்தோடு ஓடும் ஃபுல்பேக்குக்குச் சொல்ல வேண்டியது: கோட்டைத் தாண்டு, சுவரைத் தொடாதே, பந்தை இரண்டு கையாலும் பிடி.

பின்தங்கிய அணியின் கணக்கு வேறு. 40 நொடி மீதி, பந்து எதிரணியிடம், நம் 10 கெஜத்துக்குள் வந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

சமநிலை என்றால்: அடிக்க விடு. 7 பின்தங்குவோம், ஆனால் பந்தும் 35 நொடியும் கிடைக்கும். 50 கெஜ மைதானத்தில் அது தாராளம்.

1 பின்தங்கியிருந்தால்: விடலாம். 8 ஆகும், டச்டவுனும் இரண்டு புள்ளி கன்வெர்ஷனும் (உதைக்காமல் மறுபடி எண்ட் ஸோனுக்குள் பந்தைச் சேர்ப்பது) சமன் செய்துவிடும்.

2 பின்தங்கியிருந்தால்: இக்கட்டு. அவர்களின் எக்ஸ்ட்ரா பாயிண்ட் உள்ளே போனால் 9, தவறினால் 8.

3 என்றால் தடுத்தே ஆக வேண்டும். விட்டால் 10, அப்புறம் ஆன்சைட் கிக் (நாமே திரும்பப் பிடிப்பதற்காகக் கிட்டத்தில் உதைப்பது) அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டியதுதான்.

#5 மேக்_55

தலைவர் நான்காம்டவுன் எழுதியதில் பாதி சரி. "மாறி மாறி அடிப்பார்கள்" என்று சும்மா கடந்துபோய்விட்டார். ஏன் அடிக்க முடிகிறது? டிஃபென்ஸின் கையை விதியே கட்டிப்போட்டிருக்கிறது.

எட்டு பேர்: லைனில் மூவர், லைன்பேக்கர் இருவர், பின்னால் மூவர். லைன்பேக்கர்களில் "மேக்" மட்டும்தான் பந்தை வீசும் குவாட்டர்பேக்கை நோக்கிப் பாயலாம். "ஜாக்" பல சீசன்களுக்கு லைனுக்குப் பின்னால் 5 கெஜ ஆழமுள்ள ஒரு கட்டத்துக்குள் நிற்க வேண்டியிருந்தது. குவாட்டர்பேக் வீசுவது போல் பாவனை செய்தாலோ, வீசிவிட்டாலோ, பந்து கட்டத்தை விட்டு வெளியே போனாலோதான் அவருக்கு விடுதலை. ஆக மூன்று ரிசீவருக்கு மூன்று டிஃபென்டர், ஒருத்தருக்கு ஒருத்தர், நடுவில் உதவிக்கு ஆள் இல்லை. என்எஃப்எல்லில் இருந்து வரும் குவாட்டர்பேக்குகள் பழக்க தோஷத்தில் ஒரு பொய் வீச்சு காட்டுவார்கள். அந்த நொடியே ஜாக் விடுபட்டுக் குறுக்குப் பாஸ் போகும் வழியில் நின்றுவிடுவார். அரீனாவில் ஊறியவர்கள் கையை ஒரே தடவைதான் அசைப்பார்கள்.

அடுத்தது ஓட்டம். ஸ்நாப்புக்கு (சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்து ப்ளேயைத் தொடங்குவது) முன்பே ஒரு ரிசீவர் கோட்டை நோக்கி முழு வேகத்தில் ஓடிவரலாம். எதிரே நிற்கும் கார்னர்பேக் நின்ற இடத்திலிருந்து பின்னால் திரும்ப வேண்டும். ரிசீவர் அரை நொடி முந்தினால் 5 கெஜப் பெனால்டி, பிந்தினால் வேகத்தின் பலன் போச்சு. இறுதி ஆட்டத்தில் கூரைக்குக் கீழே எழும் சத்தத்தில் குவாட்டர்பேக்கின் குரல் கேட்காது. அதனால் கால் தூக்குவது போன்ற சைகையை வைத்து சென்டர் ஸ்நாப் செய்ய வேண்டியிருக்கும். சத்தம் சொந்த மைதான அணிக்குச் சாதகம் என்பது வெறும் பேச்சு இல்லை, இந்த அரை நொடிதான் அது.

பழைய ஆட்டங்களை இன்றையவற்றோடு ஒப்பிடுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2006 வரை பெரும்பாலான ஆட்டக்காரர்கள் இரண்டு பக்கமும் ஆட வேண்டும். குவாட்டர்பேக், கிக்கர், சில சிறப்பு ஆட்டக்காரர்களுக்கு மட்டும் விலக்கு. 2007 முதல் தாராளமாக ஆள் மாற்றலாம். முன்பெல்லாம் நான்காவது குவாட்டரில் ரிசீவரே கார்னர்பேக்காகவும் ஓடிக் களைத்திருப்பார். யாரைக் குறிவைப்பது என்று தேடுவதே ஒரு கலையாக இருந்தது. கர்ட் வார்னர் அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸுக்கு ஆடிய காலம் அது. 1996, 1997 இரண்டு அரீனாபௌலிலும் தோற்றவர், 2000 ஜனவரியில் செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்கு சூப்பர் பௌல் வாங்கிக் கொடுத்தார். பந்தைச் சட்டென்று கைவிடும் அவருடைய வேகம் எங்கே பழகியது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

#6 கெஜக்கணக்கு

2 புள்ளி பின்தங்கினால் இக்கட்டு என்று ஓடும்கடிகாரம் சொன்னது சரி, ஏனென்றால் எக்ஸ்ட்ரா பாயிண்ட் இங்கே உறுதி கிடையாது. என்எஃப்எல் கம்பங்களுக்கு இடையே 18 அடி 6 அங்குலம், குறுக்குக் கம்பி 10 அடி உயரம். அரீனாவில் 9 அடி இடைவெளி, 15 அடி உயரம். அகலக் கோணத்தை மட்டும் பார்த்தால் 20 கெஜ அரீனா கிக் சுமார் 41 கெஜ என்எஃப்எல் கிக்குக்குச் சமம். உயரத்தைப் பாருங்கள்: 60 அடி தூரத்தில் 15 அடியைத் தாண்ட, தரையிலிருந்து கம்பி 14 டிகிரி மேலே இருக்கிறது, 41 கெஜத்தில் 10 அடிக்கு 5 டிகிரிகூட இல்லை. சீக்கிரம் தூக்க வேண்டும் என்பதற்காகப் பந்துக்கு அடியில் உதைப்பார்கள், அப்போது பக்கவாட்டில் விலகும்.

தவறினால் அதோடு முடியவும் இல்லை. கம்பத்தின் இரு பக்கமும் தொங்கும் வலையில் பட்டுத் திரும்பும் பந்து ஆட்டத்தில் இருக்கிறது. வலைக்குக் கீழே நிற்பவர் எடுத்துக்கொண்டு ஓடலாம். உதைக்கும் அணியில் அப்போது களத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் பருமனான லைன்காரர்கள். 50 கெஜம் யார் துரத்துவது?

டிராப் கிக் (பந்தைத் தரையில் விட்டு, எழும்பும்போது உதைப்பது) அடித்தால் ஃபீல்டு கோலுக்கு 4, எக்ஸ்ட்ரா பாயிண்டுக்கு 2. விதிப் புத்தகத்தில் அழகாக இருக்கும், இறுதி ஆட்டத்தில் எந்தப் பயிற்சியாளரும் அதை நம்பி இறங்க மாட்டார்.

#7 தரைவிரிப்பு

எல்லாரும் ஆட்டத்தையே பேசுகிறீர்கள். தரையும் வலையும் சரியில்லை என்றால் கணக்கெல்லாம் வீண்.

ஹாக்கி அரங்கில் ஐஸை உருக்க மாட்டார்கள். அதன் மேல் வெப்பம் கடத்தாத பலகைகளை அடுக்கி, அதன் மேல் டர்ஃப் (செயற்கைப் புல்) சுருள்களை விரிப்பார்கள். வேலை வரிசை முக்கியம்: பலகை போட்டதும் முதலில் வலைகளையும் கம்பங்களையும் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டும், ஏனென்றால் தூக்கு வண்டி டர்ஃப் மேல் ஏறினால் தையல் நகரும். பிறகு நடுக்கோட்டில் தொடங்கி இரு முனைக்கும் டர்ஃப். சுருளுக்கும் சுருளுக்கும் இடையே வெல்க்ரோ இணைப்பு. கடைசியாகச் சுவர் மெத்தை.

கெடும் இடங்கள்:

ஆகஸ்ட் இறுதி ஆட்டத்தில் வெளியே புழுக்கம். சரக்கு ஏற்றும் கதவைத் திறந்தே வைத்தால் ஈரக்காற்று உள்ளே வந்து, குளிர்ந்த பலகை மேல் நீர் கோக்கும். டர்ஃப் மேலே காய்ந்திருக்கும், அடியில் வழுக்கும். வெட்டித் திரும்பும் ரிசீவர் காலோடு துணியும் நகர்ந்து மடிப்பு விழும்.

எண்ட் ஸோன் மூலைகள். ரிங்க் மூலை வளைவானது, அதனால் டர்ஃபை வளைவாக வெட்டி ஒட்டுவார்கள். முதலில் பிய்வது அங்கேதான். மூலைக்கு வீசும் பாஸுக்கு அங்கே இடமும் குறைவு.

சுவர் சுமார் 4 அடி உயரம். ஆட்டக்காரர் பெஞ்ச் கதவின் கீல் இருக்கும் இடத்தில் இரண்டு மெத்தைக்கு நடுவே இடைவெளி விழும். கையை விட்டுப் பார்க்க வேண்டும். விரல் உள்ளே போனால் திரும்பக் கட்டு. மேல் விளிம்புக்கும் மெத்தை வேண்டும், விலா எலும்பு படுவது அங்கேதான்.

வலை. கம்பத்தின் இரு பக்கமும் 30 அடி அகலம், 32 அடி உயரம், அடி விளிம்பு தரையிலிருந்து 8 அடி மேலே. தளர்வாகக் கட்டினால் பந்து செத்து நேராகக் கீழே விழும், இறுக்கினால் 15 கெஜம் வரை தெறிக்கும். இரண்டு முனையிலும் இழுவிசை ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கம் மாறும்போது கிக்‌ஆஃப் திட்டமே மாறிவிடும். ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு வலையிலும் நடு, மேல் மூலை, கீழ் மூலை என்று பந்தை எறிந்து, விழும் இடத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது கிக்கருக்கும் ரிட்டர்ன் ஆட்டக்காரருக்கும் அடிப்படைப் பாடம்.

#8 வலைவேண்டாம்

வலையே தேவையில்லை என்கிறேன். ஐஎஃப்எல் (இன்டோர் ஃபுட்பால் லீக் என்ற இன்னொரு உள்ளரங்க லீக்) வலை இல்லாமல்தான் ஆடுகிறது. 2021 இறுதி ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய், மாசசூசெட்ஸ் பைரேட்ஸ் ஃபீனிக்ஸிலேயே ராட்லர்ஸை 37-34 என்று வென்றது. 2022-ல் நார்தர்ன் அரிசோனா ரேங்லர்ஸ் 47, க்வாட் சிட்டி ஸ்டீம்வீலர்ஸ் 45. வலை இல்லாததால் பரபரப்பு எங்கே குறைந்தது?

ஃபாஸ்டரின் வலைக்குக் காப்புரிமை 1990-ல் கிடைத்து 2007-ல் காலாவதியானது. மற்ற உள்ளரங்க லீக்குகள் வலையை விட்டதற்கு முதல் காரணம் அதுதான். காலாவதியான பிறகும் ஐஎஃப்எல் அதைத் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

#9 ஓடும்கடிகாரம்

பரபரப்பு குறையவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது வேறு கணக்கு, பாஸ். ஐஎஃப்எல்லில் கிக்‌ஆஃப் நேராகக் கம்பங்களுக்கு இடையே போனால் 2 புள்ளி, "டியூஸ்" என்பார்கள். ஆகவே டச்டவுன் 6, இரண்டு புள்ளி கன்வெர்ஷன் 2, டியூஸ் 2: எதிரணி பந்தைத் தொடுவதற்குள் 10. நான் மேலே கொடுத்த பட்டியலில் "3 என்றால் தடுத்தே ஆக வேண்டும்" என்பது அங்கே அப்படியே செல்லாது. அடிக்க விட்டு 10 பின்தங்கினாலும் சமன் செய்ய வழி இருக்கிறது. நல்ல கிக்கர் இருக்கும் அணி கடைசி நிமிடத்தில் வேறு மாதிரி யோசிக்கும்.

வலையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கிக்கரை உட்கார வைத்திருக்கிறார்கள். எனக்கு இரண்டும் பிடிக்கும், ஆனால் தவறிய ஃபீல்டு கோலை ஒருவர் வலையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடுவதற்கு ஈடு இல்லை.

#10 நான்காம்டவுன்

மேக்_55, ஜாக் விஷயத்தைச் சேர்த்ததற்கு நன்றி. அது என் வாதத்துக்குத்தான் வலு: டிஃபென்ஸ் கட்டிப்போடப்பட்டிருக்கும்போது கிடைக்கும் ஒரு தடுப்பின் விலை ஏறும்.

சீசன் கணக்கை நம்புகிறவர்களுக்கு இரண்டு உதாரணம். 2014-ல் க்ளீவ்லேண்ட் கிளாடியேட்டர்ஸ் 17 வெற்றி, 1 தோல்வி என்று வந்து, சொந்த ஊரில் 18,410 பேர் முன்னால் ராட்லர்ஸிடம் 72-32 என்று உதை வாங்கியது. 2018-ல் வாஷிங்டன் வேலர் 2-10. லீக்கில் இருந்ததே நான்கு அணி, நான்குமே ப்ளேஆஃப். அரையிறுதியில் இரண்டு ஆட்டங்களின் புள்ளிகளைக் கூட்டி ஆல்பனியைத் தாண்டியது, பிறகு பால்டிமோர் பிரிகேடை 69-55 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. பத்து தோல்வியோடு ஒரு சாம்பியன்! சிரிப்பு வந்தாலும், 50 கெஜ மைதானத்தில் இரண்டு தடுப்பு கூடுதலாகக் கிடைத்தால் பட்டியலில் எங்கிருந்தாலும் ஜெயிக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

#11 புதுவரவு

முதல் பாதியின் கடைசி நிமிடமும் முக்கியம் என்று முதல் பதிவில் இருந்ததே, அதை யாரும் விளக்கவில்லையே?

#12 ஓடும்கடிகாரம்

28-28, இரண்டாவது குவாட்டர், பந்து 'அ' அணியிடம். இரண்டாம் பாதி கிக்‌ஆஃபும் 'அ'வுக்கே வரப்போகிறது. 3 நொடி மிச்சம் வைத்து அடித்தால் 35-28. இடைவேளை முடிந்து மறுபடி அடித்தால் 42-28. 'ஆ' அணி ஒரு தடவைகூட வெறுங்கையோடு திரும்பாமலே 14 பின்தங்கிவிட்டது. இனி அதற்கு இரண்டு தடுப்பு வேண்டும்.

இதற்காக 'அ' உழைப்பது கடைசி நிமிடத்தில் இல்லை, அதற்கு முந்தைய இரண்டு நிமிடத்தில். கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்போது சின்னச் சின்னப் பாஸாக எறிந்து, 1:00-ஐத் தொடும்போது 15 கெஜத்துக்குள் முதல் டவுனோடு நிற்க வேண்டும். மிகச் சீக்கிரம் அடித்துவிடுவதும் இங்கே தப்புதான். டாஸ் ஜெயித்த அணி பந்தை இரண்டாம் பாதிக்குத் தள்ளிவைப்பதன் காரணம் இது.

'ஆ'வுக்கு என் யோசனை: டைம்அவுட்டை 1:00-க்கு முன்பே செலவழி. அதற்குப் பிறகு நிறைவேறாத பாஸுக்குக் கடிகாரம் தானாகவே நிற்கும், 1:00-க்கு முன்னால் அப்படி நிற்காது. 1:40-ல் ஒரு டைம்அவுட் அரை நிமிடத்தை மீட்கும்.

#13 மேக்_55

இதில் உடன்பாடில்லை. மூன்றையும் முன்பே கொடுத்துவிட்டால், கடைசி 20 நொடியில் ஃபுல்பேக் உள்ளேயே ஓடி 3 கெஜம் எடுத்து விழும்போது கையில் ஒன்றும் இருக்காது. ஒன்றையாவது பத்திரமாக வைத்திருக்க வேண்டும், அதுவும் சத்தத்தில் ஸ்நாப் குழம்பினால் கிக்கரை இறக்குவதற்கு.

#14 ஓடும்கடிகாரம்

ஒன்று வைத்துக்கொள்ளலாம், சரி. இரண்டை 1:00-க்கு முன், ஒன்றைக் கிக்குக்கு. 2005-ல் க்ளே ரஷ்ஷுக்குக் கிடைத்தது போன்ற ஒரு வாய்ப்பு வரும்போது கையில் நேரம் இல்லாமல் நிற்பதைவிடக் கொடுமை வேறு இல்லை.

#15 வலைவேண்டாம்

இதெல்லாம் சரி, ஆனால் லீக் இருந்தால்தானே கணக்கு? 2009 சீசன் ரத்து, 2019-ல் ஆல்பனி எம்பயர் கோப்பை வாங்கிய சில மாதங்களில் லீக்கே திவால். 2024-ல் திரும்ப வந்த லீக் பாதி சீசனிலேயே சிதறி, இறுதி ஆட்டத்தை நியூ ஜெர்சியில் ஒரு வணிக வளாகத்து ரிங்கில் ஆடினார்கள். பில்லிங்ஸ் 46, ஆல்பனி 41. ஐஎஃப்எல் அமைதியாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

#16 தரைவிரிப்பு

வணிக வளாக ரிங்க் என்றாலும் அடிப்படை அதேதான், பலகையும் டர்ஃபும் மாறாது. பார்க்க வேண்டியது கூரை உயரம். அடி விளிம்பு 8 அடி, வலை 32 அடி, ஆக 40 அடி. அதற்கு மேல் தொங்கவிடும் சட்டத்துக்கும் இடம் வேண்டும். கூரை தாழ்வாக இருந்தால் உயரமான கிக் விளக்கிலோ உத்தரத்திலோ பட்டுவிடும். அங்கே ஆடப்போகும் கிக்கர் முதல் நாளே கூரையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

#17 புதுவரவு

கடைசிக் கேள்வி. பாஸ் வலையில் பட்டுத் திரும்பினால் பிடிக்கலாமா? சுவரைத் தாண்டிப் போனால்?

#18 கெஜக்கணக்கு

வலையில் பட்டது தரையைத் தொடும் வரை உயிரோடு இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். சுவரைத் தாண்டிக் கூட்டத்துக்குள் போன பந்தை ரசிகரே வைத்துக்கொள்ளலாம், அதனால் நடுவர்களிடம் மாற்றுப் பந்துகள் தயாராக இருக்கும்.